எழுபத்தைந்து நிமிடமும் ஒரு கட்டைப்பையும்

என் மகன் ஓர் உல்லாசக் கப்பலில் சமையல்காரனாக இருக்கிறான். பதினான்கு மாதமாக வீட்டுக்கு வரவில்லை. வரவேண்டிய விடுப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். மும்பையிலிருந்து மூன்று இரவுப் பயணம் ஒன்று போகிறது. ஊழியர்களின் பெற்றோருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. நாங்கள் பயணிகளாக ஏறிக்கொண்டால் அவனைப் பார்க்கலாம். அதை விட்டால் கப்பல் வேறு நாட்டுப் பக்கம் போய்விடும். திரும்பி வர எட்டு மாதம் ஆகும்.

பெற்ற பிள்ளையைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டியிருப்பதைப் பற்றி நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. எடுத்தேன்.

"ஒரு நாளு முன்னாடியே மும்பைக்கு வந்துடுங்கப்பா. கப்பல் யாருக்காகவும் நிக்காது" என்று மகன் சொல்லியிருந்தான். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் என் மனைவி காலண்டரைப் பார்த்தாள். கப்பல் புறப்படும் நாள் நவமி. அதற்கு முந்தைய நாள் அஷ்டமி. பெரம்பலூரிலிருந்து அஷ்டமியில் கிளம்புவதா என்று அரியலூரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மச்சானுக்கு அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் இரண்டு ஓடுகின்றன. அவருடைய லாரிகள் அஷ்டமியிலும் ஓடுகின்றன. இருந்தும் அவர் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. அஷ்டமியில் கிளம்பக் கூடாது. நவமியில் கிளம்பலாம், ஆனால் பரஸ்தானம் வைக்க வேண்டும். அதாவது, பயணப் பையை அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் குற்றமில்லை.

"அப்ப சப்தமியில பைய வெச்சிட்டு அஷ்டமியிலேயே போயிடலாமே மச்சான்" என்றேன்.

"அஷ்டமிக்குப் பரஸ்தானம் செல்லாது மாப்ள. நவமிக்குத்தான் செல்லும்."

"எந்த விதிப்படி?"

"சொன்னாக் கேளுங்க."

இருபத்தெட்டு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். விதி எண் இல்லாத உத்தரவுகளுக்குத்தான் மேல்முறையீடு கிடையாது என்பதை அங்கேயே கற்றிருந்தேன். நவமியன்று காலையில் கிளம்பி அன்றே கப்பலில் ஏறுவது என்று முடிவாயிற்று.

அன்றைக்குத் திருச்சியிலிருந்து நேர் விமானத்தில் இடமில்லை. திருச்சியில் 7.40க்கு ஏறி பெங்களூரில் 8.50க்கு இறங்க வேண்டும். அங்கே 10.05க்கு வேறு நிறுவனத்தின் விமானம். மும்பை 11.55. துறைமுகத்தில் மூன்று மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். நான்கு மணிக்குக் கப்பல் நகரும். எல்லாம் பெங்களூரின் எழுபத்தைந்து நிமிடத்தில் இருந்தது. கதவை 9.40க்கு மூடிவிடுவார்கள் என்பதால் உண்மையில் ஐம்பது நிமிடம். இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எங்கள் மேல் எந்தப் பொறுப்பும் இல்லை.

இந்த ஐம்பது நிமிடத்தில் பெட்டியைச் சரக்கில் போட்டுவிட்டு, பெங்களூரில் அது வரும்வரை காத்திருந்து, எடுத்துக்கொண்டு வெளியே போய், மறுபடி கொடுத்துவிட்டு உள்ளே வருவது நடக்காது. ஆகவே கைப்பை மட்டும். ஆளுக்கு ஏழு கிலோ. இந்தத் திட்டத்தின் உயிர் அந்த ஏழு கிலோவில் இருந்தது. கொக்கி மாட்டித் தூக்கிப் பார்க்கும் சின்ன எடைக்கருவி ஒன்று வாங்கினேன். இரண்டு பை கட்டினேன். முதல் பையில் எங்கள் இருவரின் துணி, 6.8 கிலோ. இரண்டாவதில் மருந்து, செருப்பு, காகிதங்கள், 5.2 கிலோ. நேர அட்டவணையைத் தட்டச்சு செய்து நான்கு பிரதி எடுத்தேன். கப்பல் நிறுவனம் அனுப்பிய நிபந்தனைகளையும் முழுவதும் படித்து, முக்கியமானவற்றை அடிக்கோடிட்டேன். அதில் பதினான்காவது, வீட்டில் செய்த தின்பண்டம் எதுவும் கப்பலில் அனுமதி இல்லை என்பது. மகனும் போனில் சொன்னான்: "சாப்பிடுற சாமான் எதுவும் கொண்டாராதீங்க. ஸ்கேன்ல பார்த்து எடுத்துப் போட்டுடுவாங்க." இதை மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சப்தமியன்று காலை முதல் பையை எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்கு ஒரு டிக்கெட். பைக்கு டிக்கெட் இல்லை, ஆனால் சாஸ்திரப்படி பயணம் செய்தது அதுதான். நான் கூடப் போனவன்.

மச்சான் வீட்டில் அக்கா, அதாவது மச்சானின் மனைவி, பையை வாங்கி சாமி அறையில் விளக்குப் பக்கத்தில் வைத்து, ஜிப் மேல் குங்குமம் இட்டார். மச்சான் என் அட்டவணையை வாங்கி மூக்குக் கண்ணாடியோடு படித்தார்.

"கிலோ ஆறு புள்ளி எட்டா? புள்ளையப் பாக்கப் போறீங்களா, ரேஷன் கடைக்குப் போறீங்களா?"

"ஏழுக்கு மேல ஏத்த மாட்டாங்க மச்சான்."

"பஸ்ஸுக்கு மேல கட்டிக்கிட்டுப் போனப்ப யாராவது எடை கேட்டானா? ஏறுறதுக்கு எடை பாக்குறாங்களாம்."

"பைய நவமியன்னைக்கு ஆறு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கொண்டாந்துடணும். எங்க வூட்டுக்குத் திரும்பக் கூடாதுல்ல."

"திரும்பவே கூடாது. நானே கார்ல கொண்டாரேன். உங்க அக்காவும் வருவா."

"யாரும் தொறக்க மாட்டீங்களே?"

"சாமி ரூம்ல இருக்குறத யாரு தொறக்கப் போறா" என்றார் அக்கா. அதற்குள் அடுப்படியில் வெல்லப் பாகு காய்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனித்தேன். எதற்காக என்று கேட்கவில்லை.

இதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அரியலூரில் மச்சான் வீட்டுக்குள் போன பை எதுவும் போன எடையில் திரும்பியதில்லை. வெறும் பையாக ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது அந்த வீட்டில் வந்தவரை அவமதிப்பது போல. கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக இதை நான் அறிவேன். என் மகன் கேட்டரிங் படித்த மூன்று வருடமும் அந்த வீட்டில் தங்கித்தான் படித்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் பெரம்பலூருக்குக் கொண்டுவந்த பைகளை நானே இறக்கி வைத்திருக்கிறேன். இருந்தும் என் திட்டத்தில், நான்கு பிரதியில் ஒன்றில்கூட, இதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

நவமியன்று காலை 4.50க்கு வாடகைக் காரில் கிளம்பினோம். மனைவி வாசலில் தயங்கினாள்.

"நவமில கெளம்புறோமே."

"பை ரெண்டு நாளைக்கு முந்தியே போயாச்சு."

"அது செல்லுமா?"

"உன் அண்ணன்தான் சொன்னாரு."

"அவரு சொன்னாரு" என்றாள். அந்தக் குரலில் நம்பிக்கை எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

5.30க்கு மச்சானுக்குப் போன் செய்தேன். "கெளம்பியாச்சு மாப்ள" என்றார். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. 6.05க்கு நாங்கள் விமான நிலைய வாசலில் நின்றோம். மறுபடி போன் செய்தேன்.

"எங்க மச்சான்?"

"இந்தா, லால்குடி தாண்டிட்டோம்."

கூட இருந்த அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது: "புள்ளம்பாடியில டீ குடிக்கணும்னு நின்னுட்டு என்ன லால்குடி?"

6.43க்குக் கார் வந்தது. மச்சான் முதலில் கையில் எடுத்தது பையை அல்ல. ஜவுளிக்கடையில் கொடுக்கும் பெரிய கட்டைப்பை ஒன்றை. வாய்வரை நிரம்பி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பிறகு என் பையை எடுத்தார். அது நான் கொடுத்த பைதான் என்பதற்குக் குங்குமம் மட்டுமே சாட்சி. மற்றபடி பக்கங்கள் உப்பி, ஜிப் பாதியில் நின்று, இடைவெளி ஊக்கு போட்டு மூடப்பட்டிருந்தது.

எடைக்கருவியில் மாட்டினேன். பை 11.9. கட்டைப்பை 5.4. எங்களிடம் இருந்தது 5.2. ஆக 22.5. அனுமதி 14. அதிகம் எட்டரை.

"என்னென்ன இருக்கு அக்கா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல தம்பி. அதிரசம், முறுக்கு, எள்ளுருண்ட, கொஞ்சம் பருப்புப் பொடி. ஊறுகா ரெண்டு பாட்டில். அவன் எலும்பும் தோலுமா இருக்கான், வீடியோவுல பார்த்தேன். சமைக்கிறவன் சாப்பிட மாட்டான், தெரியாதா?"

அப்போதுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். பதினான்காவது நிபந்தனை என் சட்டைப் பையில், அடிக்கோடிட்டு, நான்காக மடித்து இருந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அதிரசப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வலது கை விரல்களில் எண்ணெய் தெறித்த கொப்புளம் இரண்டு இருந்தது. நேரம் 6.48. நான் வாயைத் திறந்து, "ஊறுகாய உள்ள வுட மாட்டாங்க அக்கா. போலீஸ் எடுத்துடும்" என்றேன். என் நேர்மை அத்தோடு முடிந்தது.

போலீஸ் என்றதும் மச்சான் மறுபேச்சு இல்லாமல் இரண்டு பாட்டிலையும் காருக்குள் வைத்தார். 2.2 கிலோ குறைந்தது. மீதி 6.3.

நடைபாதையில் குத்தவைத்து உட்கார்ந்து பையைப் பிரித்தேன். மக்கள் தள்ளுவண்டிகளோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எதை எடுப்பது? அதிரசத்தில் கைவைத்தபோது மச்சான், "அத ஏன் மாப்ள, உங்க துணி எதுக்கு அத்தன? கப்பல்ல யாரு உங்களப் பாக்கப் போறா?" என்றார். வாதத்தில் பிழை இருந்ததாகத் தெரியவில்லை. என் வேட்டி சட்டைகள், கால்சட்டை இரண்டு, எல்லாம் 3.1 கிலோ. காருக்குள் போயின. மனைவி தன் பட்டுப்புடவைகள் இரண்டைத் தானே எடுத்துக் கொடுத்தாள், 1.4. என் தோல் செருப்பு, குடை, டிக்கெட்டுகள் போக மீதிக் காகிதக் கோப்பு, 1.8. கணக்கு சரியாக முடிந்தது. அந்தக் காலையில் சரியாக முடிந்த ஒரே கணக்கு அதுதான். கட்டைப்பையில் இருந்ததை இரண்டு பைக்கும் பிரித்துத் திணித்து 7.01க்கு எழுந்தோம்.

"போயிட்டு வாங்க. புள்ளைகிட்ட நேர்ல குடுத்துட்டுப் போன் பண்ணுங்க" என்றார் மச்சான்.

உள்ளே சோதனை முடித்து ஓடிவந்து உட்கார்ந்த பிறகு விமானம் முப்பத்தைந்து நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். ஐம்பது நிமிடத்தில் மீதி பதினைந்து.

விமானம் மேலே ஏறியது. பிறகு மனைவி கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே, வுட மாட்டாங்கன்னு?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"அண்ணி கைய பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துணியை இறக்கிவிட்டு, வாங்கிக்கொள்ளவே மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கப்பலைத் தவறவிட்டால் இன்னும் எட்டு மாதம். அதைக்கூட அந்த நேரத்தில் இரண்டாவதாகத்தான் நினைத்தேன்.

9.25க்கு பெங்களூரில் தரை தொட்டோம். கதவு திறந்து வெளியே கால் வைக்கும்போது 9.33. ஏழு நிமிடம். நான் ஓடினேன். பின்னால் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நகரும் படிக்கட்டில் ஒரு பை வாய் பிளந்து ஒரு முறுக்குப் பொட்டலம் விழுந்தது. "வுடு" என்றேன். அவள் குனிந்து எடுத்துவிட்டாள். மறுபடி சோதனை வரிசை. ஒரு அதிகாரி பையைத் திறந்து எள்ளுருண்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அப்போது மணி 9.40. எங்கள் விமான வாயிலின் எண்ணைக் கண்டுபிடித்துப் போய் நின்றபோது 9.52.

வாயில் மூடியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் கடிகாரத்தை நான் சந்தேகப்பட்டேன். அங்கிருந்த பெண்ணிடம் மூச்சுவாங்க, "மும்பை... மும்பை" என்றேன்.

அவள் சிரித்தபடி பலகையைக் காட்டினாள். மும்பை விமானம் 11.10க்கு மாற்றப்பட்டிருந்தது. இன்னும் கதவையே திறக்கவில்லை.

மூன்று வாரம் போட்ட அட்டவணை எங்களைக் காப்பாற்றவில்லை. இன்னொரு நிறுவனத்தின் ஒழுங்கின்மை காப்பாற்றியது. அந்த அவகாசத்தில் நாங்கள் பெட்டிகளைச் சரக்கில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டிருக்கலாம். என் வேட்டி சட்டைகள் வந்திருக்கும். இதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் வேறொன்று சொன்னாள்.

"நவமிக்குப் பரஸ்தானம் செல்லும் போலிருக்குங்க."

பலகையை மறுபடி பார்த்தேன். மறுக்க ஆதாரம் இல்லை.

உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் முறுக்கைப் பிரித்தாள். "எடுத்துப் போடத்தானே போறாங்க" என்று பக்கத்தில் இருந்த குடும்பத்துக்குக் கொடுத்தாள். அவர்கள் வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார்கள், செய்முறை கேட்டார்கள். எள்ளுருண்டை எதிர் வரிசைக்குப் போயிற்று. அதிரசத்தை மட்டும் அவள் தொடவில்லை.

"அதையும் குடுத்துடலாமே" என்றேன்.

"இருக்கட்டும். ஒருவேளை வுட்டா?"

மும்பையில் இறங்கியபோது மணி ஒன்று. பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் 1.10க்கு டாக்சியில் இருந்தோம். திட்டத்தில் அந்த ஒரு வரி மட்டும் திட்டப்படி நடந்தது. அதன் பிறகு சாலையில் ஒன்றரை மணி நேரம். ஓட்டுநர் எங்கள் டிக்கெட்டில் இருந்த கப்பல் படத்தையும் எதிரே நின்ற லாரிகளையும் மாறி மாறிப் பார்த்து, இந்தியில் ஏதோ ஆறுதல் சொன்னார். 2.44க்குத் துறைமுக வாசல். மகன் போனில் "எங்கப்பா இருக்கீங்க, எங்கப்பா" என்று நான்கு முறை கேட்டிருந்தான்.

ஸ்கேன் எந்திரத்தில் பை நின்றது. சீருடைக்காரர் திறந்தார். அதிரசம், பருப்புப் பொடி. தலையை ஆட்டி, மேசைக்குக் கீழே இருந்த தொட்டியைக் காட்டினார். மனைவி பையின் பிடியை விடவில்லை. அவர் இந்தியிலும் இவள் தமிழிலுமாக ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டார்கள்.

"எம் புள்ள உள்ளதான் இருக்கான். இங்கேயே வேல பாக்குறான். ஒண்ணே ஒண்ணு குடுத்துட்டு வந்துடுறேன்."

அவர் கடிகாரத்தைக் காட்டினார். பெரிய அதிகாரியைக் கூப்பிட வேண்டுமானால் ஓரமாக நில்லுங்கள் என்று கையால் சொன்னார். மணி 2.51. எங்களுக்குப் பின்னால் கடைசியாக வந்த ஒரு குடும்பம் தாண்டி உள்ளே போயிற்று. நான் அவள் தோளைத் தொட்டேன்.

"அவனப் பாக்கணுமா, அதிரசம் போகணுமா?"

அவள் பிடியை விட்டாள். ஆனால் பொட்டலத்தைத் தொட்டிக்குள் போட விடவில்லை. மேசை மேல் பிரித்து வைத்து, அவரைப் பார்த்து, "குப்பையில போடாதீங்க. சாப்பிடுங்க" என்று கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் ஒன்றைப் பிட்டு முகர்ந்துகொண்டிருந்தார். 2.54க்கு நாங்கள் உள்ளே இருந்தோம்.

மகன் ஒரு நீண்ட தாழ்வாரத்தின் முனையில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக நின்றான். எலும்பும் தோலுமாக இல்லை. நன்றாகச் சதை போட்டிருந்தான். அவன் அம்மா அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுக்குப் பத்து நிமிடம் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

"மாமா காலையிலேயே போன் பண்ணுனாரு. ஒரு மாசத்துக்கு வரும்னாரு. கொண்டாந்தீங்களா?"

"நீதானடா கொண்டாராதீங்கன்ன" என்றேன்.

"சொன்னேன். நீங்க கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

நடந்ததை அம்மா சொன்னாள். அவன் சிரித்தான். கப்பல் இன்னும் கரையில் நின்றதால் போன் வேலை செய்தது. அப்போதே மச்சானின் அழைப்பு வந்தது. மகன் என் கையிலிருந்து போனை வாங்கினான்.

"வந்துருச்சு மாமா... ம், ரெண்டு தின்னுட்டேன். மெத்துனு இருந்துச்சு. அத்தைகிட்ட சொல்லுங்க... இல்ல மாமா, எல்லாருக்கும் குடுக்க மாட்டேன், நானே திங்குறேன்."

இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல அவன் எங்கே கற்றான் என்று நான் யோசிக்கவில்லை. அன்று காலை 6.48க்கு நான் வாயை மூடிக்கொண்ட விதத்தோடு ஒப்பிட்டால் அவனுடையது பண்பானது.

பிறகு அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "வேற துணி இல்லையாப்பா?" என்றான். தன் அறையிலிருந்து இரண்டு டீ-சட்டையும் ஒரு கால்சட்டையும் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு அவை தொளதொளவென்று இருந்தன.

பத்து நிமிடம் முடிந்ததும்தான் விஷயம் தெரிந்தது. ஊழியர்கள் பயணிகளோடு உட்கார்ந்து பேசக் கூடாது. காலை நான்கு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு வரை விட்டு விட்டு வேலை. ஓய்வு நேரத்தில் பயணிகள் இருக்கும் தளத்துக்கு அவன் வர முடியாது. அவன் இருக்கும் தளத்துக்கு நாங்கள் போக முடியாது. அவன் வேலை, காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்பவர்களுக்குத் தோசை வார்ப்பது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தோசை வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் பதினொரு பேர். கூடத்துக் கண்ணாடிக்கு வெளியே நடுக்கடல் நீலமாகக் கிடந்தது. அந்தப் பக்கம் நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. எங்கள் முறை வந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்து, கல்லில் மாவை ஊற்றினான். ஒரு தோசை வேக எழுபது நொடி. மாவைக் கனமாக ஊற்றினால் இரண்டு நிமிடம். கனமாக ஊற்றினான்.

"தூங்குனீங்களாம்மா?"

"தூங்குனேன். நீ?"

"நல்லா."

தட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றோம். இரண்டாவது முறை அவன் அம்மா அவன் முழங்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்பைக் கேட்டாள். மூன்றாவது முறை அவன் என் அலுவலகத்தைப் பற்றிக் கேட்டான். நான்காவது முறை எனக்குப் பசி சுத்தமாக இல்லை. மூன்று காலையிலும் சேர்த்து நான் பதினொரு தோசை, அவள் ஒன்பது. அவனிடம் பேசிய நேரம், கனமான தோசைகள் உட்பட, நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இறங்கும் நாள் காலையில், கூடத்தை மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் மறுபடி வரிசையில் வருவதை அவன் பார்த்தான். கல் காலியாக இருந்தும் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இன்னும் ஒண்ணு முடியுமாப்பா?"

"முடியும்" என்றேன்.

"வெங்காயம் போடவா? அது வேக நேரமாகும்."

"போடு" என்றாள் அவன் அம்மா.